காப்பி எடுத்தால் குறையுமா

எங்கே போனாலும் அவள் செய்யும் முதல் வேலை, அங்கிருக்கும் கீபோர்டைக் கவிழ்த்து அதன் முதுகில் நாலு தட்டுத் தட்டுவது. சௌக்கியமா, சாப்பிட்டியா எல்லாம் அதற்கப்புறம்தான். பிஸ்கட் தூள், தலைமுடி, ஸ்டேப்ளர் பின் என்று ஏதாவது உதிரும். ஒருமுறை என் கீபோர்டிலிருந்து என் மூக்குத்தியின் திருகு விழுந்தது. அதைக் காணோம் என்று தங்கையோடு மூன்று நாள் சண்டை போட்டிருந்தேன். "பாரு, எவ்ளோ கலீஜ் வச்சிருக்க. இதுமேல கைய வச்சுத்தான் ஊருக்கெல்லாம் மனு அடிச்சுக் கொடுக்கற" என்று சொல்லிவிட்டுத் திருகைத் தன் துப்பட்டாவில் துடைத்துக் கொடுத்தாள்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் பெயரை அவள் எங்கே போட்டாள், அதனால் என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் போகிறேன். பதிலுக்கு நானும் அதையே செய்தால் அவளுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

விவேக் நகரில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்சந்தில் எனக்கு ஒரு டைப்பிங் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வெளியே ஒரு பெஞ்சு. மனு, பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை, நினைவு நாள் அட்டை எல்லாம் அடித்துத் தருவேன். அவள் அல்சூர்க்காரி. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. என் வயதுதான். ஆறு நாள் கம்பெனி பஸ், ஏழாம் நாள் பழைய கம்ப்யூட்டர்கள். கம்பெனி வேண்டாம் என்று தள்ளுபவற்றைக் கேட்டு வாங்கி வந்து, உயிர் கொடுத்து, யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவாள்.

முதன்முதலில் யாருக்கோ பயோடேட்டா பிரின்ட் எடுக்க வந்தாள். என் மெஷின் அந்த ஒரு பக்கத்தைத் திறக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது. நான் மானிட்டர் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"அத எதுக்கு அடிக்கற? அது தப்பில்ல. மேல ஏத்தி வச்சிருக்கிற மூட்டை தப்பு" என்றாள்.

அடுத்த ஞாயிறு பென் டிரைவோடு வந்து நின்றாள். இருந்ததை எல்லாம் வழித்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் என்ற மென்பொருளை ஏற்றினாள். அதிலேயே பல வகை உண்டாம். இது எடை குறைந்தது, கிழட்டு மெஷினிலும் ஓடும், இலவசம், யார் வேண்டுமானாலும் பிரித்துத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றாள். இலவசம் என்பது மட்டும்தான் எனக்கு அன்று காதில் விழுந்தது.

பிரித்து மாற்றுவது என்றால் என்ன என்று அடுத்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டேன். ஞாயிறுதோறும் பூசை முடிந்து நான் கடை திறக்கும்போது வந்துவிடுவாள். எனக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சின்ன நோட்டோடு, நான் வேலை செய்வதைப் பார்ப்பாள். என் கை எத்தனை தடவை மவுஸுக்குப் போகிறது, எங்கே தயங்குகிறது, எப்போது கண்ணைக் கசக்குகிறேன், எல்லாவற்றுக்கும் கோடு போடுவாள். பிறகு ஒவ்வொன்றாகச் சரி செய்வாள். என் மானிட்டரின் அடியில் இரண்டு விரற்கடை வெறும் கோடாக ஓடும். அதனால் கீழே படங்கள் வரிசையாக நிற்கும் பட்டையைத் தூக்கி இடது ஓரத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்தினாள். வெள்ளைத் திரை கண்ணில் நீர் வரவைக்கிறது என்றதும் பின்னணியை ஈரச் செம்மண் நிறமாக்கி, எழுத்தைப் புழுங்கலரிசி நிறத்தில் வைத்தாள். கரண்ட் ஆபீஸ் மனுவுக்கு ஒரு குண்டு பல்பு, தண்ணீர் மனுவுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் என்று அவளே படம் வரைந்து பட்டையில் பொருத்தினாள். குடம் கோணலாகத்தான் இருந்தது. ஆனால் படிக்கத் தெரியாத என் அம்மாவே ஒருநாள் குடத்தைக் காட்டி, "இத அழுத்தினா தண்ணி மனு வருமா?" என்று கேட்டாள்.

என் வாழ்க்கையில் எனக்கென்று அளவெடுத்து ஒருவர் செய்து கொடுத்த பொருள் அது ஒன்றுதான். ரவிக்கைகூடத் தங்கையின் அளவில் தைத்ததைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு முதுகு நிமிரும். இதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

அவளிடம் இரண்டு குணம் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. தப்பாக ஒன்று கண்ணில் பட்டால் சரி செய்யாமல் விட மாட்டாள். சரி செய்ததைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் மாட்டாள். பக்கத்துத் தெருவில் ஒரு மூதாட்டி இறந்து, மகள் அழுத கண்ணோடு கண்ணீர் அஞ்சலி அட்டை அடிக்க வந்திருந்தாள். வயது அறுபத்தைந்து என்றாள். ஜெராக்ஸுக்குக் கொடுத்திருந்த ரேஷன் கார்டைப் பக்கத்தில் இருந்து பார்த்த இவள், "அறுபத்தெட்டு வருதே" என்றாள். மகள் அழுகையை நிறுத்திவிட்டு முறைத்தாள். "அம்மாவுக்கு வயசு சொன்னா பிடிக்காதுங்க" என்றாள். இவள் விடவில்லை. கடைசியில் அட்டை அறுபத்தெட்டோடுதான் போனது. "ஏன்டி, செத்தவங்க வந்து கேக்கப் போறாங்களா?" என்று நான் கேட்டதற்கு, "தப்புன்னு தெரிஞ்சே எப்படி விடறது?" என்றாள், நான்தான் ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி.

அவள் வீட்டுச் சாவிக்கு நாலு நகல். அல்சூரில் அவள் சந்தில் நாலு வீட்டில் ஒவ்வொன்று தொங்கும். தண்ணீர் விட்டால் பிடித்து வைக்க, மழை வந்தால் துணி எடுக்க, யாருக்காவது இஸ்திரிப் பெட்டி வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ள. "அவங்க என்னா கலீஜ் மனசு உள்ளவங்களா? எடுத்தா வச்சிருவாங்க" என்பாள். எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில் உண்டு. காப்பி எடுத்தா குறையுமா? சாவிக்கும் அதே, மசாலா அளவுக்கும் அதே, கம்ப்யூட்டருக்கும் அதே.

எனக்காகச் செய்த அந்தத் திரையை அவள் எனக்கு மட்டும் விட்டு வைப்பாளா? ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ததால் அதற்கு 'ஞாயிறு' என்று பெயர் வைத்தாள். பென் டிரைவில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு, கோயில் ஆபீஸுக்கு, அல்சூரில் ஒரு சின்னத் தமிழ் மன்றத்துக்கு என்று கொண்டுபோய் ஏற்றிக் கொடுத்தாள். இணையத்திலும் போட்டு வைத்தாள். அதோடு 'மாதிரிகள்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். லீவு லெட்டர், வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம் எல்லாம் அதில் உண்டு. ஒருநாள் சும்மா திறந்து பார்த்தேன். மருத்துவ விடுப்புக்கு மாதிரி என்று ஒரு கடிதமும் அதற்கு இணைப்பாக ஓர் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் இருந்தன. ரிப்போர்ட் அவளுடையது. கர்ப்பப்பை எடுத்தது. பெயர், வயது, எல்லாம் அப்படியே.

"ஐயோ, இது உன்னுதா? ஊரே படிக்குமே!"

"படிக்கட்டும். எது எது இணைக்கணும்னு தெரியாம எங்க கம்பெனி பொண்ணுங்க எத்தனை பேரு லீவு கிடைக்காம அழுதாங்க தெரியுமா?"

"பேரையாவது எடுத்திருக்கலாமில்ல?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆமா. எடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கீபோர்டைத் துடைக்கப் போய்விட்டாள். எனக்கு அன்று அவள்மேல் மரியாதைதான் வந்தது. தன் வயிற்றைத் திறந்து காட்டுகிறவள் அடுத்தவள் வயிற்றைப் பற்றி என்ன நினைப்பாள் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

இனி என் வீட்டு விஷயம்.

எனக்கு ஒரு தம்பி. ஓர் அடிதடி வழக்கு. அதில் ஒருவன் இறந்துபோனான். இவன் அடித்தானா, கூட நின்றானா என்று கோர்ட் இன்னும் சொல்லவில்லை. சொல்லும்வரை மத்திய சிறையில் இருக்கிறான். ஊருக்கு நாங்கள் சொல்லியிருந்தது அவன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக் என்று. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். கிறிஸ்துமஸுக்கு ரஸ்ஸல் மார்க்கெட்டில் பேரீச்சம்பழம் வாங்கி, பொட்டலத்தைப் பிரித்து வேறு டப்பாவில் போட்டு, தம்பி அனுப்பினான் என்று தெருவுக்கெல்லாம் கொடுத்தோம். அம்மா நீட்டும்போது ஒன்றிரண்டு கீழே சிந்தும். வயசாச்சு என்று நினைத்துக்கொள்வார்கள்.

வாரா வாரம் அவனுக்கு ஒரு கடிதம் அடிப்பேன். என் தொழிலில் ஒரு வியாதி உண்டு: ஒரே வரியை மூன்றாவது தடவை அடிக்கக் கை மறுக்கும். அதற்காகவே அவள் எனக்கு ஷார்ட்கட் என்று ஒரு வசதி செய்து கொடுத்திருந்தாள். ஒரு சொல்லை அடித்தால் பின்னால் முழு வாசகமும் வந்து விழும். 'தண்ணீர்' என்று அடித்தால் தண்ணீர் மனு, 'தாசில்' என்றால் தாசில்தாருக்கு மனு. பக்கத்தில் ஒரு பட்டையில் எல்லாம் அகர வரிசையில் நிற்கும். கிளிக் செய்தும் எடுக்கலாம். இரண்டு வருடத்தில் நானூறுக்கு மேல் சேர்த்துவிட்டேன். அதில் 'தம்பி' என்றும் ஒன்று. அடித்தால் சிறை முகவரி, அவன் பெயர், கைதி எண், அதன் கீழே எப்போதும் எழுதும் நாலு வரி:

அன்புத் தம்பி, அம்மா நலம். தங்கையின் கல்யாணம் முடியும்வரை நீ இருக்கும் இடம் யாருக்கும் தெரிய வேண்டாம். அதுவரை பொறுத்துக்கொள். சாப்பாட்டை விடாதே.

கையால் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தங்கை பிற்பாடு என்னைப் பிடித்துக்கொண்டது இந்த இடத்தில்தான்.

என் ஷார்ட்கட் எல்லாவற்றையும் ஞாயிறோடு சேர்க்கலாமா என்று ஒருநாள் அவள் கேட்டாள். "நானூறு மனு! நாலு வருஷம் குந்திகினு அடிச்சாலும் எனக்கு இது வராதுடி. எத்தனை பேருக்கு உதவும்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னிடம் இருப்பதை ஒருவர் வேண்டுமென்று கேட்டது அதுவே முதல் தடவை. எடுத்துக்கொள் என்றேன். ஆனால் சொன்னேன். இதை நான் கற்பனையில் சேர்த்துக்கொள்ளவில்லை, சத்தியமாகச் சொன்னேன்: "பாத்து எடு. நடுவுல என் சொந்தமும் ரெண்டு மூணு இருக்கும்."

"ஒவ்வொண்ணா பாத்துட்டுதான் போடுவேன். கண்ண மூடிக்கினா போடுவேன்?" என்றாள்.

அடுத்த ஞாயிறு சுத்தம் செய்த பட்டியலை என் மெஷினில் திரும்பப் போட்டுக் கொடுத்தாள். எழுத்துப்பிழை, விட்டுப்போன புள்ளி எல்லாம் திருத்தியிருந்தாள். மற்றவர்களுக்கு அவள் கொடுத்த 'ஞாயிறு' மென்பொருளின் முதல் திரையில், 'மனுக்களும் ஷார்ட்கட்டுகளும் இவர் உழைப்பு' என்று போட்டு என் முழுப் பெயர், அப்பா பெயரின் எழுத்தோடு, கடை இருக்கும் இடத்தோடு. கோயில் ஆபீஸில் பங்குச் சாமியார் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். நான் அந்தத் திரையைப் போட்டோ எடுத்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

இன்னொரு நல்லதும் அப்போது நடந்தது. அதுவரை தம்பிக்கு நான் போடும் கடிதம் மூன்று வாரம், ஒரு மாதம் என்று தாமதமாகப் போகும். சில போய்ச் சேரவே சேராது. மறந்துவிட்டீர்களா என்று கேட்டு எழுதுவான். அந்த மாதத்திலிருந்து நாலாம் நாள் கிடைக்கிறது என்று எழுதினான். "அக்கா, இப்பல்லாம் உன் லெட்டர் சூடு ஆறாம வருது." நான் வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்குப் போய் ஒரு பெரிய மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

தங்கைக்கு அல்சூரில் வரன் அமைந்தது. எங்கள் சபைக்காரர்கள்தான். பேச்சு முடிந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க நாளும் குறித்தாயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமா அந்தத் தமிழ் மன்றத்தில் கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாம் பார்ப்பவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தப்பா நினைச்சுக்காதம்மா. மன்றத்துக் கம்ப்யூட்டர்ல உன் பேரப் பாத்து எனக்குப் பெருமைன்னா பெருமை. நம்ம சம்பந்தி வீட்டுப் பொண்ணுன்னு எல்லாருக்கும் காமிச்சேன்" என்று ஆரம்பித்தார். பிறகு ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். "கோலார்ல என் தம்பி இருக்கான். வீட்டு விஷயமா அவனுக்கு ஒரு லெட்டர் போடலாம்னு உக்காந்தேன். பக்கத்துல பாத்தா 'தம்பி'ன்னு போட்டிருந்தது. சரி, தம்பிக்கு எழுதற லெட்டரு மாதிரி இருக்கும்னு அழுத்தினேன்."

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

"ஜெயில் அட்ரஸுக்குக் கீழ பேரும் நம்பரும் காலியாதான் இருந்தது. ஆனா முதல் பக்கத்துல உன் பேரு இருக்கு. யாருக்கும் தெரிய வேண்டாம்னு எழுதியிருக்கம்மா. யாருக்கும்னா எங்களுக்கும்தானே?"

நான் மறுபடி பெஞ்சைக் காட்டினேன்.

"ஜெயில்ல இருக்கிறதுகூட பரவால்ல. எங்க ஜனத்துல இல்லாததா? அந்தப் பேரீச்சம்பழம் கொடுத்தீங்க பாரு. மஸ்கட்லருந்து வந்ததுன்னு எங்க அம்மா மாதா சொரூபத்துக்கு முன்னாடி வச்சு, உங்க தம்பிக்காக ஜெபம் பண்ணிட்டுத்தான் ஒண்ணு வாயில போட்டாங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். ஓலை வாசிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் அவர்களே சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை அழவில்லை. "அவ எடுத்தா சரி. நீ எதுக்கு அத மெஷின்ல வச்ச? உனக்கு ரெண்டு வரி கையால எழுத வராதா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு மாதத்தில் ஓசூர் ரோடு பக்கம் ஹாஸ்டல் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். இன்றுவரை அம்மாவுக்குத்தான் போன் செய்கிறாள்.

அந்த ஞாயிறும் அவள் வந்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது. பையை வைத்துவிட்டுக் கீபோர்டைக் கவிழ்க்கப் போனாள். நான் அதன்மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"'தம்பி'ன்னு ஒண்ணு இருந்ததே, நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"பின்கோடு தப்பா இருந்தது. கடைசி ரெண்டு நம்பரு மாறிக் கிடந்தது. சரி பண்ணேன்."

எனக்கு ஒரு நிமிடம் தலையும் வாலும் புரியவில்லை. கடிதம் நாலு நாளில் போனது, நான் ஏற்றிய மெழுகுவர்த்தி எல்லாம் மனதில் ஓடியது. இரண்டு வருடம் நான் தப்பான எண்ணைப் போட்டிருக்கிறேன். அவள் படித்திருக்கிறாள். ஓர் எண் மாறினதுகூடத் தெரியும் அளவுக்கு நிதானமாகப் படித்திருக்கிறாள். படித்த பிறகுதான் ஊருக்குக் கொடுத்திருக்கிறாள்.

"எடுக்கணும்னு தோணலையா உனக்கு?"

"பேர எடுத்துட்டேனே! நம்பரையும் எடுத்துட்டேன். உன் மெஷின்ல இருக்கு, ஊருக்குக் கொடுத்ததுல இல்ல. அன்னிக்கு ரிப்போர்ட் விஷயத்துல நீதானே சொன்ன, பேர எடுன்னு."

"என் பேர முதல் பக்கத்துல போட்டியே!"

"அது உன் உழைப்புடி. பேரு போடாம எப்படிக் கொடுக்கறது? அது திருட்டில்ல?"

அவள் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. கள்ளம் இருந்தால் காறித் துப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

"அந்த மனுவ எதுக்கு விட்டு வச்ச? அது மனுவா?"

"விவேக் நகர்ல, அல்சூர்ல எத்தனை வீட்டு ஆளு உள்ள இருக்கான் தெரியுமா? அட்ரஸ் எப்படிப் போடணும், என்னா எழுதணும்னு தெரியாம எத்தனை அம்மாமாருங்க..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நல்லா எழுதியிருந்தடி. சாப்பாட்டை விடாதேன்னு. எனக்கே கண்ணுல தண்ணி வந்துச்சு. அத எப்படி அழிக்கறது?"

என் வீட்டு இருட்டை அவள் நல்ல மாதிரிக் கடிதமாகப் பார்த்திருக்கிறாள். இரண்டு வருடம் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, என் கை எங்கே தயங்குகிறது என்று கோடு போட்டவள். மவுஸுக்குப் போகும் கை தெரிந்தது, இது தெரியவில்லை.

நடந்ததைச் சொன்னேன். மாமா வந்தது, பேரீச்சம்பழம், ஓலை நின்றது எல்லாம். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இப்பவே எடுத்துடறேன். ஒவ்வொரு இடமா போய் நானே எடுத்துடறேன்" என்று எழுந்தாள்.

"காப்பி எடுத்தா குறையுமான்னு கேப்ப இல்ல?" என்றேன். "குறைஞ்சுது. எங்க வீட்ல ஒரு கல்யாணம் குறைஞ்சுது."

பையை எடுத்துக்கொண்டு போனாள். பின்பு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

போய் எடுத்தாள் என்றுதான் கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடம், கோயில் ஆபீஸ், மன்றம் என்று ஒவ்வொரு இடமாகப் போய் உட்கார்ந்து அழித்திருக்கிறாள். ஆனால் அவளுக்கே தெரியாத எத்தனை பேர் இணையத்திலிருந்து எடுத்துப் போயிருப்பார்கள்? அவர்கள் எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பார்கள்? ஒருநாள் மனசு கேட்காமல் இணையத்தில் போய்ப் பார்த்தேன். ஞாயிறு இருந்தது. புதிதாக ஏதேதோ சேர்த்திருந்தாள். 'தம்பி' இல்லை. முதல் திரையில் என் பெயரும் இல்லை. என் நானூறு மனுவும் அப்படியே இருந்தன, உழைத்தவள் யாரென்று தெரியாமல். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து எடுத்திருப்பாள். நான் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நல்லவள்தானே, மன்னித்துவிடு என்று சாமியார் சொல்கிறார். நல்லவள்தான். கெட்டவர்கள் செய்ததை மன்னிப்பதுகூட எனக்குச் சுலபமாக இருக்கும் என்று அவரிடம் சொன்னேன். தம்பியின் வழக்கு இன்னும் வாய்தாவில் இழுத்துக்கொண்டிருக்கிறது. தெருவில் எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் பேரீச்சம்பழம் வாங்குவதில்லை.

என் கடையில் இன்றும் அதே செம்மண் திரை, அதே கோணல் குடம். வேறு போட்டுப் பார்த்தேன், கை பழகவில்லை. கீபோர்டை மட்டும் நான் தட்டுவதில்லை.

போன வாரம் நீலசந்திராவிலிருந்து ஓர் அம்மா வந்தார். வீட்டு வேலைக்குப் போகிறவர் போல. கையில் ஈரம் ஊறிய சுருக்கம். மகன் உள்ளே இருக்கிறானாம். நாலாக மடித்த ஒரு தாளை நீட்டினார்.

"அங்க கடையில ஒருத்தரு எடுத்துக் குடுத்தாருங்க. மெஷின்லயே இருக்குதாம். இன்னிக்கு அந்தக் கடை மூடிக் கிடக்குது. இதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுங்க. தம்பின்னு இருக்கிற இடத்துல மகனேன்னு போட்டுடுங்க."

பிரித்தேன். அம்மா நலம். தங்கையின் கல்யாணம் முடியும்வரை. அதுவரை பொறுத்துக்கொள். சாப்பாட்டை விடாதே.

"இது யாரு எழுதினதுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தெரியலீங்க. யாரோ எழுதி வச்சிருக்காங்க, புண்ணியவதி." கொஞ்சம் தயங்கிவிட்டு விரலால் நடு வரியைத் தொட்டுக் காட்டினார். "படிச்சுக் காமிச்சாங்க. தங்கச்சி கல்யாணம்னு ஒண்ணு வருதாமே, அத மட்டும் எடுத்துடுங்கம்மா. எங்க வீட்ல அப்படி எதுவும் இல்ல."

எங்கள் வீட்டிலும் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அந்த வரியை எடுத்துவிட்டு, மகனே என்று போட்டு, பெயரும் எண்ணும் கேட்டு அடித்தேன். பிரின்ட் கொடுக்கும் முன் பின்கோடை ஒருதரம் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.